பின் சீட்ல அம்மா, ஒவ்வொரு றோட்டுக் கிடங்குக்கும் எனக்குப் பேச்சு: 121 கொரோலாவுக்கு நாலு ஷொக்கும் (ஷொக் அப்சோபர்) மாத்தவா?

வெள்ளவத்தை121:
வணக்கம். என்ட கார் 2003 கொரோலா 121, ரெண்டு லட்சத்து பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, நான் மூண்டாவது ஓனர். 2020ல இலங்கைக்குக் கார் இறக்குமதிய நிப்பாட்டினதில இருந்து பழைய காருக்கே தங்க விலை, 2025ல திரும்ப விட்டாலும் புதுசு எடுக்கிற வசதி எனக்கில்ல, அதால இன்னும் கொஞ்சக் காலம் இதோடதான்.

பிரச்சினை என்னெண்டா கார் மாட்டு வண்டில் மாதிரி அடிக்குது. காலி வீதில பரவாயில்ல, எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பினா மேன்ஹோல் மூடி, தண்ணிப் பைப்புக்கு வெட்டி மூடின இடம் எல்லாம் முள்ளந்தண்டால எண்ணலாம். அம்மாவுக்கு ஏற்கனவே முதுகு நோ, போன கிழமை கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வரேக்க "இனி நான் திரீவீலர்ல வாறன் தம்பி" எண்டுட்டா. அதோட முன்னுக்கு இடப்பக்கம் மெதுவாப் போகேக்க டக் டக் எண்டொரு சத்தம், வேகமாப் போனா கேக்கிறேல்ல.

கராஜ்ல காட்டினன். பாஸ் ஓடிக்கூடப் பாக்கேல்ல, முன் மட்கார்ட்ல ரெண்டு தரம் அமத்திப்போட்டு "நாலு ஷொக்கும் முடிஞ்சுது" எண்டார். சாமான், கூலி எல்லாம் சேத்து ஒண்டரை லட்சத்துக்கு மேல வருமாம். மாத்தவா?

தெமட்டகொட பொடியன்:
ரெண்டு லட்சம் ஓடின காருக்கு யோசிக்க என்ன ஈக்கி மச்சான், நாலையும் மாத்து. காசு பிரச்சினைண்டா பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடைகள்ல ரீகண்டிஷன் ஷொக், யப்பான்ல பாவிச்சுக் கழட்டினது, பாதி விலைக்கு எடுக்கலாம்.

கிறீஸ் கை:
கொஞ்சம் பொறுங்க ரெண்டு பேரும். நான் பதினாறு வருசம் கராஜ்ல நிண்ட ஆள், இப்ப முழங்கால் விடாததால வீட்ட இருந்து கதைக்கிறன்.

தம்பி, ஷொக் தேஞ்சா கார் இறுகாது, ஆடும். ஸ்பிரிங் மேல கீழ ஆடுறத அடக்கிறதுதான் ஷொக்கிட வேலை, அது போச்செண்டா ஹைவேல எண்பது தொண்ணூறுல போகேக்க வள்ளம் மாதிரி மிதக்கும், பிரேக் அடிச்சா மூக்கு குத்தும், டயர்ல கைய வச்சுத் தடவினா மேடு பள்ளமாத் தெரியும். அதுகும் முத்தினாப் பிறகுதான் பெரிய கிடங்குல அடில போய் முட்டும். நீங்க சொல்லுறது சின்னச் சின்ன மூடியே முதுகுல அடிக்குது எண்டு. அது வேற கதை. அமத்திப் பாக்கிறது சும்மா முதல் பார்வைக்குத்தான், புஷ், அதான் மூட்டுகள்ல இருக்கிற ரப்பர், இறுகின காரெண்டா ஷொக் செத்திருந்தாலும் ஒரு ஆட்டத்தோட நிண்டு ஏமாத்தும்.

காசு செலவழிக்க முதல் இதுகளப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. டிரைவர் கதவத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில என்ன டயர் சைஸ், எவ்வளவு காத்து எண்டு பாருங்க. யப்பான் கார்ல கிலோ பாஸ்கல்லதான் போட்டிருப்பாங்க, 210 எண்டா 30 பிஎஸ்ஐ, 230 எண்டா 33 கிட்ட. காலமைல கார் எடுக்க முதல், டயர் ஆறியிருக்கேக்க அளக்கணும். டயரிட பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டும் அது செஞ்ச கிழமை, கடைசி ரெண்டும் வருசம். பிறகு டோர்ச் ஒண்டு எடுத்து நாலு சில்லுக்குள்ளயும் அடிச்சு ஷொக்ல எண்ணெய் வடிஞ்சிருக்கா, ஸ்பிரிங் எப்பிடி இருக்கெண்டு பாருங்க. லேசா ஈரப்புழுதி எண்டா பயமில்ல, எண்ணெய் வழிஞ்சு நிண்டா அந்த ஷொக் போச்சு. நீங்க கடற்கரைப் பக்கம், உப்புக் காத்துக்கு ஸ்பிரிங்கிட கீழ்ச் சுத்துத்தான் முதல்ல துருப்பிடிச்சு உடையிறது, அதையும் பாருங்க.

தம்பி தெமட்டகொட, பஞ்சிகாவத்தைல எஞ்சின் எடு, கதவு எடு, கண்ணாடி எடு, பழைய ஷொக் மட்டும் எடுக்காத. யப்பான்ல எவ்வளவு ஓடினதெண்டு ஆருக்குத் தெரியும்? கூலி ரெண்டு தரம் குடுக்கிறதுதான் மிச்சம்.

தெமட்டகொட பொடியன்:
அது உண்மதான் நானா, என்ட வாப்பாட வேனுக்குப் போட்டு ஆறு மாசத்துல எண்ணெய் அடிச்சிட்டு. மறந்துட்டன்.

ஹைலெவல் வீதி:
டக் டக் சத்தத்துக்கு நான் சொல்லுறன், எனக்கும் இதே வந்தது. ஸ்பீட் பம்ப் ஒண்டுல ரெண்டு முன் சில்லும் ஒண்டா ஏறுற மாதிரி நேரா மெதுவாப் போங்க. பிறகு ஒரு சில்லு மட்டும் ஏறி இறங்குற மாதிரி போங்க. ஒண்டா ஏறேக்க சத்தமில்லாம ஒரு சில்லுக்கு மட்டும் அடிச்சா அனேகமா ஸ்டெபிலைசர் கம்பியச் சில்லுப் பக்கத்தோட சேக்கிற லிங்க்தான், ஏனெண்டா ரெண்டு சில்லும் சேந்து எழும்பினா அந்தக் கம்பிக்கு முறுக்கு வாறேல்ல. சின்னச் சாமான், ரெண்டு நட்டு, அவ்வளவுதான். பிரேக் அடிக்கேக்க டொம் எண்டொரு அடி கேட்டா சில்லக் கீழ பிடிச்சிருக்கிற லோவர் ஆமிட பின் புஷ். நிண்ட இடத்தில ஸ்டியரிங் திருப்பேக்க டொய்ங் எண்டு ஸ்பிரிங் துள்ளினா மேல இருக்கிற ஷொக் மவுண்ட்.

கிறீஸ் கை:
சரியாச் சொன்னீங்க. கூட ஒண்டு, ஜக்ல தூக்கிப்போட்டு சில்ல மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க, அங்க லூஸ் எண்டா லோவர் ஆமையும் சில்லையும் சேக்கிற போல் ஜொயின்ட் இல்லாட்டி பெயரிங். ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டி லூஸ் எண்டா ஸ்டியரிங் பக்கத்து டை ரொட் என்ட். போல் ஜொயின்ட் எண்டா நாள் கடத்தாதீங்க, கழண்டா சில்லு மடிஞ்சு றோட்டுல குந்திடும்.

வெள்ளவத்தை121:
பாத்துட்டு வந்தன், வெக்கமா இருக்கு. ஸ்டிக்கர்ல 175/70 ஆர் 14, 210 எண்டு இருக்கு. என்ட கார்ல இருக்கிறது 195/50 ஆர் 16, எனக்கு முதல் வச்சிருந்தவர் போட்ட அலோய் ரிம், வடிவா இருக்கெண்டுதான் நானும் விட்டனான். காத்து அளந்தா 41 பிஎஸ்ஐ. ஷெட்ல பொடியன் எப்பவும் "நாப்பது போடுறன் அண்ணே, பெற்றோல் மிச்சம்" எண்டுவான், நானும் தலையாட்டுவன். டயர் 1916, அதாவது 2016ல செஞ்சது.

ஷொக் நாலும் காஞ்சு கிடக்கு, எண்ணெய் இல்ல. ஆனா பின் ஸ்பிரிங் ரெண்டுலயும் சுத்துக்கு நடுவில கறுப்பு ரப்பர்க் கட்டை மாதிரி ஒண்டு இறுக்கி வச்சு வயர் டை போட்டிருக்கு. அது கார்ல வாறதா?

கிறீஸ் கை:
பிடிச்சாச்சு கள்ளன! அது கார்ல வாறதில்ல தம்பி. பின்பக்கம் பதிஞ்ச காருக்கும், ஆள் நிறைய ஏத்தி நுவரெலியா போறவைக்கும் உயர்த்திக் குடுக்கச் செருகுற பஃபர். ஸ்பிரிங்ல அஞ்சு சுத்து வேலை செய்யுதெண்டா அதில ஒண்ட அடைச்சாப் பிறகு மிச்சம் நாலுதான் அமுங்கும், அப்ப ஸ்பிரிங் கால்வாசி கூட இறுகுது. அம்மா இருக்கிறது சரியா அதுக்கு மேல.

டயரையும் கணக்குப் பாருங்க. 175ல 70 வீதம் எண்டா பக்கச் சுவர் 122 மில்லிமீட்டர், 195ல 50 வீதம் எண்டா 97. வெளி வட்டம் ரெண்டுக்கும் ஒண்டுதான், அதால கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனா ஒரு இஞ்சி ரப்பரும் காத்தும் போய் அந்த இடத்தில ரிம் வந்திருக்கு. அதுக்குள்ள 41 அடிச்சு, ஒம்பது பத்து வருசத்து விறைச்ச டயர். ஷொக் என்ன செய்யும் பாவம்?

முதல்ல காத்த 31க்கு இறக்குங்க. அது காசில்லாத வேலை. பிறகு பஃபரக் கழட்டுங்க. கழட்டினா பின்பக்கம் பதியும், சில்லு நடுவில இருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்க, ஒரு பக்கம் மட்டும் இறங்கினா ஸ்பிரிங் களைச்சிட்டு. அடில போய் முட்டாமத் தாங்குற பம்ப் ஸ்டொப்பரையும் பாக்கச் சொல்லுங்க, இந்த வயசுக் கார்ல அது உதிர்ந்து மண்ணாப் போயிருக்கும், விலை ஒண்டுமில்ல.

வெள்ளவத்தை121:
மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன். காத்துக் குறைச்ச அண்டைக்கே பாதி வித்தியாசம். பஃபர் கழட்டியாச்சு, ரெண்டு பக்கமும் ஒரே உயரம். பஞ்சிகாவத்தைல 14 இஞ்சி இரும்பு ரிம் நாலு எடுத்து புது டயர் போட்டன், அலோய வித்த காசு டயருக்குப் பாதியும் காணாது, ஆனாலும் ஷொக்குக்குச் சொன்னத விடக் குறைவு. டக் டக் சத்தம் லிங்க்தான், ரெண்டு பக்கமும் மாத்தினன். இடப்பக்கத்துக் கப் உடைஞ்சு கிறீஸெல்லாம் வெளில, கையால பிடிச்சாலே கடகட எண்டுது. லோவர் ஆம் புஷ்ஷும் வெடிச்சிருக்காம், அத அடுத்த சம்பளத்துக்குத்தான் செய்யணும்.

கிறீஸ் கை:
நல்லம். புஷ் மாத்தேக்க பக்கத்தில நில்லுங்க. கார் ஜக்ல தொங்கேக்க அந்த போல்ட்ட முழுசா இறுக்க விடாதீங்க. கீழ இறக்கி, சில்லுல பாரம் வந்தாப் பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாட்டி ரப்பர் முறுகினபடியே நிக்கும், புதுப் புஷ் ஒரு வருசம் தாங்காது. பாதிக் கராஜ்ல இதச் செய்யிறேல்ல, கேட்டா கோவம் வரும், வரட்டும். முடிஞ்சதும் வீல் எலைன்மெண்ட்.

தெமட்டகொட பொடியன்:
அம்மா என்ன சொன்னா மச்சான்?

வெள்ளவத்தை121:
ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவ, திரீவீலர்க் கதை எடுக்கேல்ல. ஆனா பின்பக்கம் பதிஞ்சதால வீட்டு கேட்ல ஏத்தேக்க சைலன்சர் உரசுது, இப்ப சரிச்சுச் சரிச்சு ஏத்துறன். அதுக்கும் பேச்சுத்தான்.