புதுப்பிப்பு: அமெரிக்காவுக்கு எல்சிஎல் சரக்கு, மொத்தச் செலவு குறைந்தது

தூத்துக்குடியிலிருந்து எல்சிஎல் முறையில் (ஒரே கண்டெய்னரில் பலரின் சரக்கோடு சேர்த்து) அனுப்பும் கரூர் சமையலறைத் துண்டுகளுக்கு, கப்பல் வாடகையைவிட அமெரிக்கத் துறைமுகச் செலவு மிகுந்துவிடுவதைக் குறைக்க வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முழுப் பலன் தந்தது, சேருமிடக் கிடங்கு, ஆவணக் கட்டணங்களையும் சேர்த்து விலைப்புள்ளியை எழுத்தில் வாங்கச் சொன்ன யோசனைதான். அப்படி வாங்கியபோது, வாடகையை மிகக் குறைத்துச் சொன்ன ஃபார்வர்டரே (சரக்கை அனுப்பித்தரும் முகவர்) மொத்தத்தில் அதிகம் கேட்டிருந்தது தெரிந்தது. சரக்கை வேறொருவரிடம் கொடுத்தேன்.

காற்றை உறிஞ்சிப் பொதியச் சொன்னதும் உதவியது. கன மீட்டர், டன் இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் என்பதால், துணிக்குக் கன அளவுதான் செலவைத் தீர்மானிக்கிறது. எதிர்பாராதது என்னவென்றால், அதே பெட்டியில் கூடுதல் துண்டுகள் அடங்கியதில் பெட்டியின் எடை, சரக்கு போய்ச்சேரும் அமேசான் கிடங்கின் 50 பவுண்டு வரம்பைத் தாண்டியது. சிறிய பெட்டிக்கு மாறிய பிறகே சரியானது.

சிறு பார்சல்களாக அனுப்பும் யோசனை இனி உதவாது. 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கான வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

சுங்கத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கா செல்லும் கப்பலில் சரக்கை ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே ஐஎஸ்எஃப் (அமெரிக்கச் சுங்கத்துக்கு இறக்குமதியாளர் தரும் முன்கூட்டிய சரக்கு விவரம்) தாக்கலாகியிருக்க வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. அடிக்கடி அனுப்புவோர் ஓராண்டுத் தொடர் பாண்டு (சுங்கத்துக்குத் தரும் பிணை உறுதி) எடுப்பது நல்லது, அது ஐஎஸ்எஃப் தாக்கலுக்கும் செல்லும்.