புதுப்பிப்பு: தங்கச்சியும் குதிரையும்

அப்பா தவறிய பிறகு தங்கச்சி யாரோடும் பேசுவதில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். அவளைக் குதிரையோடு பழக விடச் சொன்னீர்கள். நுவரெலியாவில் குதிரை வைத்திருக்கும் ஒருவரிடம், உளவளத்துணையாளரும் கூட வர, நான்கு சனிக்கிழமை போய் வந்தோம்.

சவாரி இல்லை. உடம்பைத் தேய்த்துவிடுவது, கயிறு பிடித்து நடத்துவது, அவ்வளவுதான். மற்ற விலங்குகளால் வேட்டையாடப்படும் விலங்கு என்பதால் நம் உடம்பின் இறுக்கத்தைக் குதிரை சட்டென்று உணரும். முதல் நாள் காதைப் பின்னால் மடக்கி ஒதுங்கியது. மெதுவாக மூச்சுவிடச் சொன்னார்கள்.

மூன்றாம் வாரம், அப்பாவின் சாவுக்கும் அழாதவள், அதன் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

கிளினிக்கையும் மருந்தையும் விடவில்லை, விடவும் கூடாது. நேற்று அவளாகவே கேட்டாள்: "அக்கா, சனிக்கிழமை கரட் கொண்டு போவமா?"