காக்டெய்ல் குஞ்சுக்கு நாமே ஊட்டலாமா, தாயிடமே விட வேண்டுமா?

காரைக்குடி ராசு: நேற்று ஒரு காக்டெய்ல் (cockatiel, கொண்டை வைத்த சின்னக் கிளி) குஞ்சு வாங்கினேன், மூன்று வாரம்தான் ஆகிறதாம், இறகு இன்னும் முள்முள்ளாக நிற்கிறது. கடையில் சிரிஞ்சும் மாவும் கொடுத்து, "நீங்களே ஊட்டினால்தான் ஒட்டிக்கொள்ளும்" என்றார்கள். சரிதானா?

தேவகோட்டை கூண்டுக்காரர்: சரிதான் தம்பி. 12 வருடமாக ஊட்டி வளர்க்கிறேன், கையில் வளர்ந்தது தோளைவிட்டு இறங்காது. மாவைக் கரைத்த கூழின் சூடுதான் முக்கியம். 39, 40 டிகிரி இருக்க வேண்டும், தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள். 43-ஐத் தாண்டினால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்துபோய், சில நாள் கழித்துத் தோலில் ஓட்டை விழுந்து கூழ் ஒழுகும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஒரு இடம் மட்டும் கொதித்துக் கிடக்கும்.

பள்ளத்தூர் மீனா: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. போன வருடம் ஒரு குஞ்சு என் கையிலேயே போனது. சூடெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அது தலையைத் திருப்பிய நேரம் பார்த்து சிரிஞ்சை அழுத்திவிட்டேன், மூக்குத் துளையில் கூழ் குமிழிவிட்டது, அப்புறம் மூச்சுவிடும்போதெல்லாம் டிக் டிக்கென்று சத்தம், கூடவே வாலும் ஏறி இறங்கியது. விடிவதற்குள் முடிந்துவிட்டது. மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, பழகாத கைக்கு அது தெரியாது. தானாகக் கொத்தித் தின்னாத குஞ்சை விற்பதே தப்பு. பழக்க வேண்டுமென்றால், தின்னத் தெரிந்த பறவைக்குத் தினைக்கதிரை நீட்டிக்கொண்டு தினமும் பொறுமையாக உட்காருங்கள், வரும். இப்போது என்னிடம் இருப்பது அப்படி வந்ததுதான்.

தேவகோட்டை கூண்டுக்காரர்: உங்கள் குஞ்சு போனது வருத்தம்தான். ஆனால் தாயிடம் விட்டால் ஆபத்தே இல்லை என்று சொல்லாதீர்கள், ஐந்து பொரித்தால் கடைசிக் குஞ்சு பட்டினி கிடக்கும், சில தாய் குஞ்சின் இறகையே பிடுங்கும்.

கானாடுகாத்தான் வளவு: எங்கள் அப்பத்தா பச்சைக்கிளிக்குப் பால்சோற்றைத் தன் வாயில் மென்று ஊட்டுவார், நன்றாகத்தானே இருந்தது?

பள்ளத்தூர் மீனா: இதில் அண்ணனும் நானும் ஒரே பக்கம்தான். பால் பறவைக்குச் செரிக்காது, நம் எச்சிலில் உள்ள கிருமி குஞ்சுக்கு ஆகாது. பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

காரைக்குடி ராசு: கடையில் கேட்டேன் அக்கா, தாயைவிட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகிவிட்டதாம். இப்போது வீட்டுக் கூடத்துப் பட்டாலையில், தரையில் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கிறது.

தேவகோட்டை கூண்டுக்காரர்: முதலில் பெட்டியைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஆத்தங்குடிக் கல் நமக்குச் சுகம், குஞ்சுக்கு உடம்பு சில்லிட்டால் தீனிப்பை நகராமல் நின்றுவிடும். சிரிஞ்சைக் குஞ்சின் இடப்பக்க வாயில் வைத்து வலப்பக்கம் பார்த்துக் கொடுங்கள், உணவுக்குழல் கழுத்தின் வலப்பக்கமாக இறங்குகிறது. அது தலையை ஆட்டி விழுங்கும்போது மட்டும் அழுத்துங்கள். மிஞ்சிய கூழைக் கொட்டிவிடுங்கள், அடுத்த வேளைக்கு வைத்தால் நம்மூர் வெயிலில் புளித்துவிடும்.

பள்ளத்தூர் மீனா: இனி ஊட்டித்தான் ஆகவேண்டும், சரி. ஆனால் முதல் தடவைக்காரருக்கு சிரிஞ்ச் வேண்டாம் என்றே சொல்வேன். டீஸ்பூனின் இரு ஓரத்தையும் உள்பக்கம் மடக்கிக்கொள்ளுங்கள், நேரம் பிடிக்கும், ஆனால் குஞ்சு தன் வேகத்தில் எடுத்துக்கொள்ளும். ஒரு வேளைக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, 60 கிராம் என்றால் 6 மில்லி. தினமும் காலையில் ஊட்டுவதற்கு முன்னால் தராசில் வைத்து எழுதி வையுங்கள். எடை இறங்கினாலோ, காலையிலும் தீனிப்பை காலியாகாமல் இருந்தாலோ, இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.