உதவி: பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுது, ஞாயித்துக்கிழமை கொல்லிமலை போகணும்

ராசிபுரத்தான் | வியாழன் இரவு 9.40
அவசரம்ங்க. ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுது. நேத்து டப்பால மேல்கோடு வரைக்கும் ஊத்துனேன், இன்னிக்கு சாயங்காலம் பாத்தா கீழ்கோட்டுக்கும் கீழ. திருப்பும்போது முனகல் சத்தம் வேற. ஞாயித்துக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகணும், வேண்டுதல். என்ன ஊத்துனா நிக்கும்? வீட்லயே பண்ணணும்.

ஸ்பேனர்12 | 9.52
என்ன வண்டி, எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர்? ஆயில் என்ன கலர்? எந்தப் பக்கம் சொட்டுது?

பச்சைஹெட்லைட் | 9.58
ராக் (முன்சக்கரங்களத் திருப்பற நீளக் குழாய்) சீல் போயிருச்சு. சந்தேகமே வேண்டாம். எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ராக்கோட ரெண்டு முனைலயும் மடிப்பு மடிப்பா ரப்பர் பூட் இருக்கும், அமுக்கிப் பாருங்க. உள்ள ஆயில் சளக்சளக்னா சீல் அவுட்.

கார்வாத்தியார் | 10.10
இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. கேக்கறதுக்கு முன்னாடி பழைய இழைகளப் படிக்கற பழக்கம் வரணும். 'என்ன ஊத்துனா நிக்கும்'ங்கறதே தப்பான கேள்வி தம்பி. இது மூடின சுத்து, இன்ஜின் ஆயில் மாதிரி எரிஞ்சு குறையாது. குறைஞ்சா எங்கயோ வெளிய போகுது. அடிப்படை தெரியாம பானெட்டத் திறக்காதீங்க.

நாமக்கல்லாரி | 10.15
ஒழுகல நிறுத்தற ஸ்டாப் லீக் பாட்டில் ஒண்ணு வாங்கி ஊத்துங்க. முடியலன்னா பிரேக் ஆயில் ஊத்திட்டுப் போயிட்டு வந்துருங்க, அதுவும் ஹைட்ராலிக்தானே.

ஸ்பேனர்12 | 10.17
பிரேக் ஆயில் ஊத்தவே ஊத்தாதீங்க! அது கிளைக்கால்ங்கற (glycol) ரசாயனத்துல செஞ்சது. ஸ்டீயரிங் சீல் ரப்பர் அதுல ஊறி உப்பிக் கெட்டுப்போயிரும். இப்ப ஒரு இடத்துல ஒழுகறது நாலு இடத்துல ஒழுகும். டப்பா மூடியிலயோ மேனுவல்லயோ என்ன ஆயில்னு போட்டிருக்கும், அது மட்டும்தான்.

ஹோஸ்கடைப்பொண்ணு | 10.31
அண்ணா, ஆயில் எங்கிருந்து வருதுன்னு தெரியாம யாரு எதச் சொன்னாலும் ஊகம்தான். திருச்செங்கோட்டுல எங்கப்பா போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் பண்ற (முனைல இரும்ப நசுக்கி மாட்டற) கடை வெச்சிருக்காரு. அங்க பாத்துப் பழகுனதச் சொல்றேன்.

இன்ஜின ஆற விடுங்க. பம்ப், ஹோஸ், ராக் எல்லாத்தையும் துணியால சுத்தமாத் துடைங்க. பெல்ட் மேல ஆயில் இருந்தா அதையும். அப்புறம் முகத்துக்குப் போடற பவுடர ஹோஸ் மேலயும் கிளிப் மேலயும் லேசாத் தூவுங்க. பெல்ட் பக்கம் வேண்டாம். கீழ ஒரு அட்டைப்பெட்டியப் பிரிச்சு விரிங்க. ஒருத்தரு இன்ஜின ஸ்டார்ட் பண்ணி ரெண்டு பக்கமும் அஞ்சாறு தடவை திருப்பட்டும். கடைசி வரைக்கும் திருப்பி அங்கயே புடிச்சு வெக்கக் கூடாது, பம்புக்கு ஆகாது. ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க. எந்த இடத்துல பவுடர் மொதல்ல செவந்து நனைஞ்சிருக்கோ அதுதான் ஓட்டை. ஆயில் வழிஞ்சு கீழதான் வரும், அதனால சொட்டற இடத்த நம்பாதீங்க, ஈரத்தோட மேல்முனையத் தேடுங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேளுங்க. இன்ஜின் ஓடும்போது ஹோஸக் கையால தடவிப் பாக்காதீங்க. டயர்ல இருக்கறது ரெண்டு பார் சொச்சம். பம்பிலிருந்து ராக்குக்குப் போற ஹோஸ்ல திருப்பும்போது 70, 80 பார் ஏறும். ஊசித்துளைல பீச்சற ஆயில் தோலக் கிழிச்சு உள்ள போயிரும்.

அந்தக்காலடிரைவர் | 10.44
எதுக்கு இவ்வளவு பயம்? என் பழைய அம்பாசிடர்ல பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. அதுலயே கொல்லிமலையோட 70 கொண்டை ஊசியும் ஏறி எறங்குனவன் நான். ஆயில் தீந்தா தீரட்டும், கையில தெம்பு இருந்தாப் போதும்.

ஸ்பேனர்12 | 10.50
ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா பழைய அம்பாசிடர் ஸ்டீயரிங் கைபலத்துக்குன்னே செஞ்சது, சுத்து ஜாஸ்தி, இழுக்கற பலம் கம்மி. இதுல சுத்து கம்மி, அதனால பவர் போனா அதவிடக் கனக்கும். பம்பும் ஆயில் இல்லாம ஓடுனா உள்ளயே தேஞ்சுரும். சொட்டற ஆயில் பெல்ட்ல பட்டு வழுக்குனா பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டரும் படுத்துக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீ.

அந்தக்காலடிரைவர் | 10.58
வண்டி ஓட்டறவனுக்குத் தெரியும். நாங்க பெல்ட் அறுந்து மலைல நின்னப்பவும் ஊர் வந்து சேந்தோம்.

கார்வாத்தியார் | 11.03
ரெண்டு பேரும் தலைப்ப விட்டு வெளிய போறீங்க. ஸ்டீயரிங் விகிதம் பத்தி தனி இழை இருக்கு.

நாமக்கல்லாரி | 11.05
பிரேக் ஆயில் பத்தி சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். ஸ்டாப் லீக் ஊத்தலாமா கூடாதா?

ஹோஸ்கடைப்பொண்ணு | 11.12
காஞ்சு சுருங்குன சீல்ல லேசான கசிவுன்னா அது சீல ஊற வெச்சு கொஞ்ச நாளைக்கு நிறுத்தும். ஒரே நாள்ல டப்பா காலியாகற ஒழுகலுக்கு ஒண்ணும் பண்ணாது. ஹோஸ் வெடிப்ப எந்த பாட்டிலும் அடைக்காது.

ராசிபுரத்தான் | வெள்ளி காலை 6.20
7 சீட்டர் டீசல், 2009, 1,90,000 கி.மீ. ஆயில் செவப்பு, கொஞ்சம் பழுப்பு. டிரைவர் சைடு முன்சக்கரத்துக்கு உள்பக்கம் சொட்டுது. பூட் அமுக்கிப் பாத்தேன், காஞ்சுதான் இருக்கு. போன மாசம் வெளிய ஒரு பட்டறைல பெல்ட் மாத்துனேன், அதுக்கப்புறம்தான் குறைய ஆரம்பிச்சுது.

ஸ்பேனர்12 | 6.41
இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே! பெல்ட் மாத்தும்போது கை போறதுக்கு டப்பாவையோ ஹோஸையோ நகத்தியிருப்பாங்க. ராக்ல இருந்து டப்பாவுக்குத் திரும்பி வர்ற ஹோஸோட கிளிப்பப் பாருங்க.

பச்சைஹெட்லைட் | 6.50
பூட் காஞ்சிருந்தாலும் ராக்க ஒரு தடவை செக் பண்ணுங்க.

ஹோஸ்கடைப்பொண்ணு | 7.05
ரிட்டர்ன் ஹோஸ்னா வீட்லயே முடியும்ணா. அதுல அழுத்தம் கம்மி, கிளிப் போட்டுத்தான் இறுக்கியிருக்கும். முனை சூட்டுல கல்லாட்டம் ஆயிருந்தா, நீளம் இருக்கற பட்சத்துல ரெண்டு சென்டிமீட்டர் வெட்டிட்டு புது கிளிப் போடுங்க. நீளம் பத்தலன்னா அதே உள்விட்டத்துல ஆயிலுக்குன்னே வர்ற ஹோஸ் கேட்டு வாங்குங்க. ரேடியேட்டர் ஹோஸ் ஆயில்ல ஊறிப்போயிரும். ரெண்டு முனையும் இரும்பால நசுக்கிப் புடிச்சிருந்தா அது பிரஷர் ஹோஸ். அதுக்கு கிளிப்பும் வேண்டாம், எம்சீலும் வேண்டாம், கழட்டிட்டு எங்க ஊருக்கு வாங்க, ஹோஸக் கண்ணால பாத்துட்டு புதுசா கிரிம்ப் பண்ணலாம்.

மாத்துனதும் காத்த எடுக்கணும். முன்சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்ட் குடுங்க, ஜாக்கிய மட்டும் நம்பாதீங்க. டப்பால ஆயில நிரப்பிட்டு, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாமலே ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் இருவது தடவை மெதுவாத் திருப்புங்க. குறையக் குறைய ஊத்துங்க. குமிழி நின்னதும் ஸ்டார்ட் பண்ணுங்க. நுரை வந்தா ஆஃப் பண்ணிட்டு ஆற விடுங்க, மறுபடியும் திருப்புங்க. அந்த முனகல் சத்தமே காத்துதான்.

கார்வாத்தியார் | 7.30
சரியாச் சொல்லியிருக்காங்க. டப்பாவுக்கு அடில வலை இருக்கும், அதையும் கழுவிடுங்க தம்பி.

ராசிபுரத்தான் | சனி இரவு 8.15
ரிட்டர்ன் ஹோஸ்தாங்க. கிளிப் ஹோஸோட நுனில நின்னுட்டு இருந்துச்சு, அதுக்குக் கீழ நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. பவுடர் அங்கதான் செவந்துச்சு. வெட்டி மாட்டிட்டேன். சத்தம் இல்ல, அட்டையும் காலைல இருந்து காஞ்சே இருக்கு. தங்கச்சிக்கு நன்றி. விடிகாலைல கெளம்பறோம்.

ஸ்பேனர்12 | 8.22
அரை லிட்டர் ஆயில் கையோட வெச்சுக்கங்க. மலை அடிவாரத்துல காரவள்ளில நிறுத்தி ஒரு தடவை டப்பாவப் பாத்துட்டு ஏறுங்க.

தொப்பூர்வளைவு | திங்கள் 11.02
அண்ணா, எனக்கும் அதே இடத்துல ஒழுகுது. அந்த ஹோஸ் உள்விட்டம் எவ்வளவு இருந்துச்சு?

தொப்பூர்வளைவு | புதன் 9.47
ராசிபுரத்தான் அண்ணா?