ஜிசிசி 12-லிருந்து 14: ஃபெயில் குறைந்திருக்கிறது, ஆனாலும் நம்ப முடியவில்லை. உதவி தேவை

தேயிலைமேடு (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்காக உறைபனி எச்சரிக்கை நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். சி மொழி, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடுகிறது. தோட்டத்துச் சென்சாரிலிருந்து வெப்பநிலையும் ஈரப்பதமும் வரும். அதை வைத்துப் பனிநிலையை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) கணக்கிட்டு, விடியற்காலையில் உறைபனி விழும்போல இருந்தால் போனுக்குச் செய்தி போகும். செடியை மூடுவதா, தெளிப்பானைப் போடுவதா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டிசம்பருக்குள் அதன் இயங்குதளமான டெபியனை 12-லிருந்து 13-க்கு மாற்ற வேண்டும். அதோடு, சோர்ஸை ஓடும் நிரலாக்கும் கம்பைலரும் ஜிசிசி 12-லிருந்து 14-க்குப் போகிறது. சோர்ஸில் ஒரு வரி கூட மாற்றவில்லை. டெஸ்ட் முடிவு இது:

பழையது: பாஸ் 203, ஃபெயில் 11
புதியது: பாஸ் 192, ஃபெயில் 7

கூட வேலை செய்யும் நண்பர், "ஃபெயில் குறைஞ்சிருக்கே, அப்புறம் என்ன, ஏத்திடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாஸும் சேர்ந்து குறைகிறதே? இரண்டு ரன்னையும் எப்படி ஒப்பிடுவது?

பழைய_பிட் (ஊட்டி)

தம்பி, முதலில் கூட்டிப் பாருங்கள். 203-ம் 11-ம் 214. 192-ம் 7-ம் 199. மீதி 15 டெஸ்ட் எங்கே போச்சு?

மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். பத்து சரியாகி பத்து கெட்டுப்போனாலும் மொத்தம் அதேதான் காட்டும். ஒவ்வொரு டெஸ்டையும் பெயர் வைத்துப் பார்க்க வேண்டும். ஜிசிசியை எழுதுகிறவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுடைய டெஸ்டுகள் டெஜாக்னு என்ற டெஸ்ட் ஓட்டும் மென்பொருள் மேல் ஓடும். ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு 'சம்' ஃபைல், ஒரு 'லாக்' ஃபைல் கிடைக்கும். ஜிசிசி சோர்ஸில் 'கான்ட்ரிப்' ஃபோல்டருக்குள் 'கம்பேர்_டெஸ்ட்ஸ்' என்று ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. இரண்டு ரன்னைக் கொடுத்தால் வகை பிரித்துத் தரும்: முன்பு ஓடி இப்போது விழுந்தவை, முன்பு விழுந்து இப்போது ஓடுபவை, புதிதாக வந்தவை, காணாமல் போனவை. இதில் காணாமலே போனவற்றின் தலைப்புக்குப் பக்கத்தில் 'ஈக்!' என்று அலறல் போட்டிருப்பார்கள். சும்மா போடவில்லை. விழுந்த டெஸ்ட் சத்தம் போடும், காணாமல் போனது போடாது.

உங்களுடையது டெஜாக்னு இல்லையென்றாலும் பரவாயில்லை. வரிக்கு ஒரு டெஸ்ட் பெயர், ஒரு முடிவு என்று இரண்டு ஃபைலாக்கி, வரிசைப்படுத்தி, பெயர் வைத்து இரண்டையும் ஜாயின் செய்தால் போதும். வரிசைப்படுத்தும்போது இரண்டு பக்கமும் லொகேல் (எழுத்து வரிசையை முடிவு செய்யும் அமைப்பு) 'சி' ஆக இருக்கட்டும், இல்லையென்றால் வரிசை மாறி இல்லாத வித்தியாசமெல்லாம் தெரியும். டெஸ்ட் பெயரில் ஃபோல்டர் பாதையோ வரி எண்ணோ இருந்தால் வெட்டிவிடுங்கள். இருந்தால் ஒரே டெஸ்ட் 'காணவில்லை' என்று ஒரு முறையும் 'புதியது' என்று ஒரு முறையும் வரும்.

இன்னொன்று: பில்டு செய்யும் 'மேக்' கட்டளையை '-கே' (ஒன்று விழுந்தாலும் நிற்காமல் மற்றதைத் தொடரச் சொல்வது) போட்டு ஓட்டுகிறீர்களா?

தேயிலைமேடு (கோத்தகிரி)

ஆமாம் அண்ணா, '-கே' இருக்கிறது. இதை எழுதி வைத்தவர் முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர்.

நீங்கள் சொன்ன மாதிரி பெயர் வைத்துப் பிரித்தேன். காணாமல் போன 15-ம் ஒரே ஃபைலில் இருப்பவை. பழைய ரன்னில் அவற்றில் 6 பாஸ், 9 ஃபெயில். அந்த 9-ஐ "எப்பவும் விழும், கண்டுக்காதே" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்கள். அது போக 5 டெஸ்ட் பாஸிலிருந்து ஃபெயிலுக்குப் போயிருக்கின்றன. மீதி 2 அப்போதும் ஃபெயில், இப்போதும் ஃபெயில்.

பழைய_பிட் (ஊட்டி)

அப்படியென்றால் அந்த ஃபைல் கம்பைலே ஆகவில்லை. '-கே' இருப்பதால் மேக் அதைத் தாண்டிப் போய்விட்டது. ரன்னரும் கிடைத்ததை மட்டும் ஓட்டிவிட்டது. பில்டு லாகில் "அறிவிக்காமல் அழைக்கப்பட்ட ஃபங்ஷன்" என்று ஒரு எரர் இருக்கும், பாருங்கள்.

ஜிசிசி 14 வந்தது 2024 மே மாதம். அதுவரை சி மொழியில் அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடும். 14-லிருந்து அது எரர். பழைய சி நிரல்கள் நிறைய இடறி விழுந்தது இங்கேதான்.

அந்த 9 ஏன் "எப்பவும் விழும்" என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அறிவிப்பு இல்லையென்றால் அந்த ஃபங்ஷன் இன்ட் (முழு எண்) திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர் எடுத்துக்கொள்ளும். உங்கள் ஃபங்ஷன் ஃப்ளோட் (தசம எண்) தருகிறது என்றால், ராஸ்பெர்ரி பையின் ப்ராசசர் வகையான ஆர்ம் 64-இல் ஃப்ளோட் விடை ஒரு ரெஜிஸ்டரில் (ப்ராசசருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) வரும், இன்ட் வேறொரு ரெஜிஸ்டரில் வரும். அழைத்தவன் போய்ப் பார்க்கும் இடத்தில் ஏதோ பழைய குப்பைதான் இருக்கும். அந்த அறிவிப்பு இருக்கும் ஹெடர் ஃபைலைச் சேர்த்துவிட்டு, சுத்தமான புது பில்டு ஃபோல்டரில் ஓட்டுங்கள். கம்பைலருக்கு ஒரு ஃபோல்டர் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபோல்டரிலேயே ஓட்டினால் 12 கட்டிய பைனரி அப்படியே கிடந்து, 14-இன் பெயரில் பாஸ் வாங்கிக்கொண்டிருக்கும்.

தேயிலைமேடு (கோத்தகிரி)

அதேதான் அண்ணா! ஒரு ஹெடர் விட்டுப்போயிருந்தது. சேர்த்ததும் 15-ம் திரும்ப வந்து, எல்லாம் பாஸ். வருஷக்கணக்காக விழுந்துகொண்டிருந்த 9-ம் சேர்த்து.

இப்போது அந்த 5 ஃபெயில். அதில் 4 பனிநிலைக் கணக்கு. 2 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய மைனஸ் 1.1 வர வேண்டும். வருகிறது. ஆனால் டெஸ்ட் ஆறு தசம இலக்கம்வரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது, கடைசி இலக்கத்தில் 1 தள்ளிப்போகிறது.

லிங்கர்_தம்பி

எஃப்எம்ஏவாக இருக்கும். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கி, ஒரே முறை மட்டும் முழுமையாக்குவது. ஆர்ம் 64-இல் ஜிசிசி தானாகவே செய்யும். அதை அணைக்கும் 'எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்' ஃபிளாகைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பேசாமல் எல்லா டெஸ்டிலும் 0.01 வரை வித்தியாசத்தை அனுமதித்துவிடுங்கள். உறைபனிக்கு ஆறாவது இலக்கம் எதற்கு?

மேகக்கூட்டம் (கொடைக்கானல்)

எஃப்எம்ஏவைச் சந்தேகப்படுவது சரிதான், ஆனால் 12-ம் அதைத் தானாகச் செய்யும், 14-ம் செய்யும். அதனால் ஆஃப் செய்வதென்றால் இரண்டிலும் செய்துதான் ஒப்பிட வேண்டும்.

நான் முதலில் கேட்பது வேறு. நீங்கள் மாற்றியது கம்பைலரை மட்டுமா? சி நிரல்கள் எல்லாம் பயன்படுத்தும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி, டெபியன் 12-இல் 2.36, 13-இல் 2.41. கணித லைப்ரரியும் சேர்ந்து மாறியிருக்கிறது. 2.41-இல் ஒற்றைத் துல்லிய (ஃப்ளோட்) ஃபங்ஷன்கள் பலவற்றைத் துல்லியம் கூட்டி மாற்றி எழுதினார்கள். ஃப்ளோட்டுக்கான லாக்10-ம் அதில் ஒன்று. உங்கள் சூத்திரம் 7.5, 237.3 என்ற எண்கள் வரும் பழைய வடிவம் என்றால் அதற்குள் லாக்10 இருக்குமே?

டெபியனில் ஜிசிசியின் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுவிக்கொள்ளலாம். புது டெபியனிலேயே 12-ஐ வைத்துக் கட்டி ஓட்டுங்கள். அங்கேயும் கடைசி இலக்கம் மாறினால் கம்பைலர் மேல் பழி இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

0.01 யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. எல்லா டெஸ்டுக்கும் ஒரே தளர்வு வைத்தால் நாளைக்கு உண்மையான பிசகும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஃப்ளோட்டில் ஏழு இலக்கம்தான் நம்பகம். சூத்திரத்தில் கிட்டத்தட்ட சமமான இரண்டு எண்கள் எதிரெதிராகக் கழிந்துபோகும் இடமும் இருக்கிறது, கடைசி பிட் பிழை அங்கே பெரிதாகும். அந்தக் கணக்கு டெஸ்டுகளுக்கு மட்டும் 0.0001 வைத்தால் தாராளம்.

வட்டக்கானல்_வாசி

இழைக்கு நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி நிரல்தான். லேப்டாப்பில் எல்லாம் பாஸ், ராஸ்பெர்ரி பையில் மட்டும் மைனஸ் 1 டிகிரி 255 என்று வருகிறது. ஜிசிசி இரண்டிலும் 14. இதுவும் கம்பைலர் கோளாறா?

பழைய_பிட் (ஊட்டி)

வட்டக்கானல், வெப்பநிலையை ஒரு பைட் 'கேரக்டர்' வகையில் வைத்திருப்பீர்கள். இன்டெல்லில் அது மைனஸை ஏற்கும், ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. 'சைன்டு' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், தீர்ந்தது. வேறு வேறு கணினியின் முடிவுகளைக் கம்பைலர் ஒப்பீட்டில் கலக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேயிலைமேடு (கோத்தகிரி)

கொடைக்கானல் அக்கா சொன்னதுதான் சரி. புது டெபியனில் 12-ஐ வைத்துக் கட்டினாலும் அந்த 4 டெஸ்டும் அதே மாதிரி விழுகின்றன. எஃப்எம்ஏவை இரண்டிலும் அணைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை. அந்த நாலுக்கு மட்டும் 0.0001 வைத்தாயிற்று.

மீதி ஒன்று. அது 14-இல் மட்டும், கம்பைலர் நிரலை வேகப்படுத்தும் ஓ2 நிலையில் மட்டும் விழுகிறது. வேகப்படுத்தாத ஓ0-வில் பாஸ். இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் ஒரு அளவீடு கூட வராத நாளுக்கான டெஸ்ட். ஜூலைக் காற்றில் மரம் சாய்ந்தால் இங்கே அப்படி நடப்பதுண்டு. எச்சரிக்கை அடிக்கக் கூடாது, ஆனால் 14-இல் அடிக்கிறது. இதையாவது ஜிசிசி பிழை என்று அனுப்பலாமா?

பழைய_பிட் (ஊட்டி)

பொறுங்கள். ஓ0-வில் ஓடி ஓ2-வில் விழுந்தால் பெரும்பாலும் நம் நிரலில்தான் கோளாறு இருக்கும். 'அன்றைய குறைந்தபட்சம்' என்ற மாறிக்கு ஆரம்ப மதிப்பு கொடுத்திருக்கிறதா? லூப் ஒரு முறை கூட ஓடவில்லை என்றால் அதில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 12-இல் தற்செயலாக 0 இருந்திருக்கும், 0-க்குக் கீழே போகாததால் மணி அடித்திருக்காது.

நிரூபிக்க ஒரு வழி உண்டு. 'டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=பேட்டர்ன்' என்ற ஃபிளாக் ஜிசிசி 12-லேயே வந்துவிட்டது. ஆரம்ப மதிப்பு இல்லாத லோக்கல் மாறிகளையெல்லாம் ஒரே பைட்டால், அதாவது பதினாறடிமானத்தில் எஃப்இ என்பதால், நிரப்பிவிடும். ஃப்ளோட்டாகப் படித்தால் அது மைனஸ் 1.69 பெருக்கல் 10-இன் 38-ஆம் அடுக்கு. அதைவிடக் கடுங்குளிர் தொட்டபெட்டாவில்கூட விழாது, மணி கட்டாயம் அடிக்கும். அந்த ஃபிளாகோடு 12-இல் ஓட்டுங்கள். அங்கேயும் விழுந்தால் ஜிசிசிக்கு எதையும் அனுப்ப வேண்டியதில்லை.

தேயிலைமேடு (கோத்தகிரி)

12-லும் விழுந்தது. அளவீடு எதுவும் வராத இரவுக்குத் தனியாக ஒரு கிளை எழுதி, "தரவு இல்லை" என்று செய்தி போகும்படி மாற்றிவிட்டேன். அது இன்னும் நல்லது, கரண்ட் போனதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று: அப்போதும் இப்போதும் ஃபெயிலாகும் அந்த 2 டெஸ்ட். சென்சார் பழுதானதுபோல நடிக்கும் டெஸ்டுகள், அவற்றுக்கான கோட் இன்னும் எழுதப்படவில்லை. அழித்துவிடலாமா?

மேகக்கூட்டம் (கொடைக்கானல்)

அழிக்க வேண்டாம். டெஜாக்னுவில் 'எக்ஸ்ஃபெயில்' என்று ஒரு நிலை உண்டு, விழும் என்று எதிர்பார்த்தே வைத்திருப்பது. எதிர்பாராமல் பாஸானால் 'எக்ஸ்பாஸ்' என்று காட்டும். உங்கள் ரன்னரிலும் அப்படி ஒரு பட்டியல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதிவிடுங்கள். "கண்டுக்காதே" என்பதை வாயால் சொல்லிக் கைமாற்ற வேண்டியிருக்காது. அப்படியே அந்த '-கே'யையும் எடுத்துவிடுங்கள்.