மறு: வடிப்பி நிரலில் ‘கட்-ஆஃப் ஃப்ரீக்வென்சி’க்குத் தமிழ்

வணக்கம். வேண்டிய அதிர்வெண்களை மட்டும் கடத்தும் மின்வடிப்பிகளுக்கான (ஃபில்டர்) நம் நிரலைத் தமிழாக்கும்போது, ‘கட்-ஆஃப் ஃப்ரீக்வென்சி’ பெட்டிக்கு என்ன பெயர் இடலாம் என்ற கேள்விக்கு வந்த ஒரு மறுமொழி இது:

> பாடநூலில் ‘வெட்டு அதிர்வெண்’ இருக்கிறதே, அதையே வைத்துவிடலாம்.

கடத்தும் பகுதியில் வளைகோடு ஏற்ற இறக்கமின்றி இருக்கும் பட்டர்வொர்த் வகை வடிப்பிக்கு மட்டும் என்றால் மறுப்பில்லை. அங்கே சிறு ஏற்ற இறக்கம் (சிற்றலை) கொண்ட செபிஷெவ் வகைக்கு வந்ததும் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று எண்கள் புகுந்துகொள்கின்றன.

இரண்டாம் படிச் செபிஷெவ் தாழ்வடிப்பி (லோ-பாஸ்), சிற்றலை 0.5 டெசிபெல் என்று கொள்வோம். நிரலில் 1000 ஹெர்ட்ஸ் என்று தருகிறோம். பைத்தானின் கணிப்பு நூலகமான சைபை அதைச் சிற்றலை எல்லை முடியும் இடமாக எடுத்துக்கொள்ளும். உச்சத்திலிருந்து 3 டெசிபெல் இறங்கி, திறன் பாதியாகும் இடமோ 1390. வடிப்பியைக் கட்டப் பயன்படும் சாலன்-கீ மின்சுற்றின் சூத்திரத்தில் இட வேண்டியது இரண்டும் அன்று, 1231. இதை அறியாதவர் 1000-ஐச் சூத்திரத்தில் போட்டு மின்தடை கணக்கிட்டால் வடிப்பி முழுவதும் ஐந்தில் ஒரு பங்கு கீழே நகர்ந்துவிடும். வளைகோட்டின் வடிவம் அப்படியே இருப்பதால் பார்வைக்குப் பிழை தெரியாது. அதுதான் ஆபத்து.

என் முன்மொழிவு:
1000: கடவுப்பட்டை விளிம்பு (வடிப்பி கடத்தும் பகுதியின் முடிவு)
1231: இயல்பு அதிர்வெண்
1390: அரைத்திறன் அதிர்வெண்

பட்டர்வொர்த்தில் பின்னிரண்டும் ஒன்றே. அங்கே பழைய சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

---

உடன்படுகிறேன் ஐயா. ஆனால் ‘அரைத்திறன்’ என்பதோடு நிறுத்தினால் போதாது. எதில் பாதி என்று கேட்பார்கள்.

உங்கள் எடுத்துக்காட்டையே பெருக்கம் 1 உள்ள சாலன்-கீயாகக் கட்டி எல்டிஸ்பைஸ் என்ற சுற்றுப் பாவிப்பு மென்பொருளில் ஏசி பகுப்பாய்வு (அதிர்வெண்ணுக்கேற்ப வெளியீட்டைக் காட்டுவது) ஓட்டுங்கள். பின்னூட்ட மின்தேக்கி 10 நானோஃபாரட், தரைக்குச் செல்வது 3.3 நானோஃபாரட், இரு மின்தடைகளும் 22.6 கிலோஓம். (கணக்கில் வருவது 22.5, இ24 என்ற நிலையான மதிப்பு வரிசையின் 22 கிலோஓம் போட்டால் இயல்பு அதிர்வெண் 1259-க்கு ஏறிவிடும்.) வளைகோடு 0 டெசிபெல்லில் தொடங்கி, +0.5 வரை ஏறி, 1000 ஹெர்ட்ஸ் அருகே மீண்டும் 0-க்கு வரும். பலரும் திரையில் −3 கோட்டைத்தான் தேடுவார்கள். அது கிடைப்பது ஏறத்தாழ 1450-இல். உங்கள் 1390 இருப்பது −2.5-இல்! படி இரட்டை எண்ணாக உள்ள செபிஷெவ் எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஆகவே நிரலில் அந்த எண்ணுக்கான பெட்டியின் பெயர் ‘அரைத்திறன் அதிர்வெண் (உச்சத்திலிருந்து)’ என்றே இருக்கட்டும். நீளம்தான், ஆனாலும் தவறான மின்தடையைப் பற்றவைப்பதைவிட மேல்.

இலங்கை வாசகருக்கு ‘அதிர்வெண்’ணை ‘மீடிறன்’ என்று மாற்றித் தனி மொழிக்கோப்பு தர வேண்டும். அவர்கள் பள்ளியிலிருந்தே அப்படித்தான் படிக்கிறார்கள்.

---

‘(உச்சத்திலிருந்து)’ ஏற்கிறேன். மீடிறன் கோப்பும் அவசியமே. ‘வெட்டு அதிர்வெண்’ணை உதவிப் பக்கத்தின் தேடலில் மட்டும் வைத்து, அங்கிருந்து மூன்று சொற்களுக்கும் இணைப்புக் கொடுப்போம். ‘கடவுப்பட்டை’க்கு மாற்றுச் சொல் இருப்போர் எழுதுங்கள், எதிர்ச்சொல்லான ‘தடுப்புப்பட்டை’யோடு அது இணையாக நிற்க வேண்டும்.