மாமரக் கட்டில் உளுத்துப்போகிறது: போரிக் அமிலக் கரைசல் பூசலாமா?

கேள்வி:
எங்கள் வீட்டு மாமரக் கட்டிலின் சட்டங்களிலிருந்து மாவு போன்ற மெல்லிய தூள் உதிர்கிறது. குண்டூசித் தலை அளவில் துளைகளும் தென்படுகின்றன. போரிக் அமிலத்தையும் வெண்காரத்தையும் நீரில் கரைத்துப் பூசினால் உளுப்பு நின்றுவிடும் என்கிறார் தச்சர். கட்டிலில் வார்னிஷ் பூசப்பட்டிருக்கிறது. வீட்டில் தவழும் குழந்தையும் உண்டு. இதைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கரையானுடையவை அல்ல. மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு உள்ளே இருக்கிறது. மாமரத்தில் வைரம் பாய்ந்த பகுதி குறைவு என்பதாலும், வெளிறில் (வைரம் பாயாத வெளிப்பகுதியில்) மாவுச்சத்து மிகுதி என்பதாலும் அது எளிதில் உளுக்கும்.

தச்சர் சொன்ன மருந்து சரியானதே. ஆனால் புழு மரத்தோடு சேர்த்து அதைத் தின்றால்தான் சாகும் என்பதால், கரைசல் மரத்துக்குள் ஊறியாக வேண்டும். வார்னிஷின் மேல் பூசுவது வீண் வேலை. முதலில் உப்புத்தாளால் தேய்த்து வெறும் மரத்தை வெளிக்கொணருங்கள். பிறகு ஒரு லிட்டர் வெந்நீருக்கு 40 கிராம் போரிக் அமிலம், 60 கிராம் வெண்காரம் என்ற அளவில் கரைத்து, ஒரு பூச்சு காயும் முன்பே அடுத்ததைப் பூசி, சட்டங்களின் அடிப்பக்கம், மூட்டுவாய்கள், அறுத்த முனைகள் ஆகியவற்றை நன்றாக நனையுங்கள். துளைகளுக்குள் ஊசிக்குழலால் செலுத்தலாம். இந்த உப்பு ஈரத்தின் வழியாகவே உள்ளே பரவுகிறது. எனவே சில நாட்கள் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்து, அதன் பின்னரே உலர விடுங்கள்.

பதில் 2:
குழந்தை இருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். தோலில் பட்டால் பெரிதாகத் தீங்கு செய்யாது என்பதற்காக இந்த மருந்தைச் சாதாரண உப்பாக எண்ணிவிடக் கூடாது, விழுங்கினால் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகையால் கருவுற்றவர்கள் இவ்வேலையில் ஈடுபட வேண்டாம். கையுறை, முகக்கவசம், கண்ணாடி அணிந்து திறந்தவெளியில் செய்யுங்கள். பார்ப்பதற்குச் சர்க்கரை போலவே இருக்கும் இத்தூளைச் சமையல் பாத்திரத்தில் கரைக்கவோ, பெயர் எழுதாத டப்பாவில் வைக்கவோ வேண்டாம். மரம் உலர்ந்ததும் மேலே படியும் வெண்படிகங்களை ஈரத்துணியால் துடைத்து, மீண்டும் வார்னிஷ் பூசிய பிறகே கட்டிலை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். தொட்டில், பொம்மை, காய் நறுக்கும் பலகை ஆகியவற்றில் இதைப் பூசவே கூடாது. மிச்சக் கரைசலைச் செடிகளுக்கு ஊற்றினால் அவை கருகிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வாசல் நிலையின் அடிப்பகுதியில் கரையான் மண் ஏறியிருக்கிறது. அதற்கும் இதே கரைசல் போதுமா?

பதில் 1:
போதாது. கரையான் தரைக்குள்ளிருந்து சுவர் வழியாக வருகிறது. மண்ணிலேயே மருந்து செலுத்தினால்தான் அதன் வழி அடைபடும், அதற்குப் பயிற்சி பெற்றவர்களை அழைப்பதே நல்லது. மேலும் சாரல் அடிக்கும் வாசல் நிலையில் இந்த உப்பு நாளடைவில் நீரில் கரைந்து வெளியேறிவிடும்.

கட்டிலைப் பொறுத்தவரை, பூசியதும் தூள் உடனே நின்றுவிடாது. உள்ளே தங்கிய பழைய தூளும் அசைவில் உதிரும். ஆழத்தில் வளரும் புழு வண்டாகி வெளியேறவும் கூடும். இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்து வைத்தால், பிறகு புதிதாகத் துளை விழுகிறதா என்பது தெளிவாகத் தெரியும்.